தகடூர்ப் படைவண்டியியல்: ஓய்வுபெற்ற ராணுவ லாரியை இண்டூர் வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது பற்றி ஓர் ஆய்வு

யானைக்கு நூல் இருக்கிறது. குதிரைக்கு நூல் இருக்கிறது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் கஜ சாஸ்திரத்தையும் அசுவ சாஸ்திரத்தையும் அச்சிட்டே கொடுத்துவிட்டது. எந்த யானையை எப்படிப் பழக்குவது, எந்தச் சுழியுள்ள குதிரை வீட்டுக்கு ஆகாது என்பதெல்லாம் முன்னோர் எழுதி வைத்த சங்கதிகள். படையில் உழைத்துக் களைத்து, ஏலத்தில் கழித்துவிடப்பட்டு, ஒரு குடும்பஸ்தரின் வாசலுக்கு வந்து சேரும் லாரிக்கு மட்டும் ஒரு சுவடியும் கிடையாது. சுழி பார்க்க அதற்கும் இடம் இருக்கிறது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

இந்த ஆய்வின் களம் இண்டூர். தருமபுரியிலிருந்து பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும் ஊர். நல்லம்பள்ளி வட்டத்தைச் சேர்ந்தது. ஆய்வின் வசதிக்காக அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஓட்டு வீடு, முன்பக்கம் மண் வாசல், ஓரத்தில் ஒரு புளியமரம், பத்து கோழி. வாசலில் ஒரு சக்திமான் லாரி. வீடு கற்பனை. லாரி பற்றி இனிச் சொல்லப்போவது கற்பனை அல்ல.

ஏன் இண்டூர் என்று கேட்கலாம். படைத்தளவாடப் பராமரிப்பு குறித்துத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இந்த மண்ணுக்குரியது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டினான். ஔவை பார்த்துவிட்டுப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் ஆயுதங்களெல்லாம் மயில்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் பளபளக்கின்றன. எங்கள் ஆளின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது சாரம். புகழ்வதுபோல் இகழ்ந்த பாட்டு என்று தமிழாசிரியர்கள் சொல்லித் தருவார்கள். படைவண்டியியலாளர் கண்ணுக்கு அது ஒரு பராமரிப்பு அறிக்கை. உலகத்தில் பழைய ராணுவ வண்டி வைத்திருக்கும் அத்தனை பேரையும் அது இரண்டே பள்ளிகளாகப் பிரித்துவிடுகிறது.

தொண்டைமான் பள்ளியார் வண்டியைக் கண்காட்சிக்கு வைப்பவர்கள். ஒரு போல்ட்டுக்கும் பூர்வீகம் தேடுவார்கள். மழை வந்தால் வண்டியை உள்ளே தள்ளுவார்கள். அதியமான் பள்ளியாருக்கு வண்டி என்பது வேலைக்கு. எந்நேரமும் அதன் ஏதாவது ஒரு பாகம் பட்டறையில் இருக்கும். கேரளத்திலும் குடகிலும் இரண்டாம் உலகப் போர்க்கால ஃபோர்டு, செவர்லே லாரிகள் எஞ்சினை மட்டும் டீசலுக்கு மாற்றிக்கொண்டு காட்டில் தடி இழுத்தன. வடகிழக்கு மலைகளில் சக்திமான்கள் நிலக்கரியும் மரமும் ஏற்றிச் சேற்றில் நீந்தின. அவற்றின் பானட் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அவை அதியமான் வழி.

அதியமான்கோட்டை இருக்கும் அதே வட்டத்தில்தான் இண்டூரும் இருக்கிறது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வண்டியின் குலம் கோத்திரம். சக்திமான், ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் உரிமம் பெற்று ஜபல்பூரில் கட்டப்பட்ட லாரி. வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த 1950களின் இறுதியில் அங்குள்ள பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் வேலை தொடங்கியது. 1969இல் ஜபல்பூரிலேயே தனியாக வாகனத் தொழிற்சாலை வந்தது. படைக்கலத் தொழிற்சாலைகளில் காபி வடிக்கும் கருவி செய்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் மேனனைக் கேலி செய்தார்கள். காபி இல்லாமல் லாரி ரிப்பேர் நடக்காது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் இந்த லாரியின் உற்பத்தி 1996இல் நின்றது. மறு வருஷம் தூர்தர்ஷனில் அதே பெயரில் ஒருவர் சுழன்றுகொண்டு வந்தார். அதே ஜபல்பூரில் நிஸ்ஸான் உரிமத்தில் ஒரு டன் வண்டியும், கிட்டத்தட்ட நாலு லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வைத்த ஜோங்காவும் பிறந்தன. சக்திமானுக்கு அடுத்த வாரிசு அசோக் லேலண்டின் ஸ்டாலியன். அசோக் லேலண்டின் ஆலைகள் உள்ள ஓசூர், 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை தருமபுரி மாவட்டம்தான். ஆகவே ஸ்டாலியனை இண்டூர்க்காரர்கள் பங்காளி வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

படை வாகனத்தைக் கழித்துவிடுவது லாரிக்கும் முந்திய வழக்கம். பாராமகால் என்று அழைக்கப்பட்ட இச்சீமை 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. ஹைதரும் திப்புவும் பீரங்கி இழுக்க அமிர்த மகால் என்ற மாட்டினத்தை வளர்த்தார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் மந்தை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1860இல் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி மந்தையை விற்றுவிட்டார்கள். சில ஆண்டுகளில் படைக்கு நல்ல மாடு கிடைக்காமல் திண்டாடி, மறுபடியும் முதலிலிருந்து மந்தை சேர்த்தார்கள். கழித்துவிட்ட சரக்கைப் பிறகு தேடி அலைவது சர்க்காருக்குப் புதிதல்ல. படைவண்டியியல் நோக்கில் அமிர்த மகாலுக்கு ஒரு மேன்மை உண்டு. ஸ்பேர் பார்ட்ஸ் தட்டுப்பாடு அதற்கு வரவே இல்லை. அடுத்த வண்டியை அதுவே ஈன்று கொடுத்துவிடும்.

இக்கட்டுரையின் மையக் கருதுகோளுக்கு வருவோம். ராணுவ லாரியை ஒரு தனி மனிதன் பராமரிப்பதற்காக யாரும் வடிவமைக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு பட்டாளமே உண்டு. ஓட்டுபவர் ஒருவர், பழுது பார்க்க 1943இல் தொடங்கிய மின்னணு, இயந்திரப் பொறியியல் படைப்பிரிவு, பொருள் எடுத்துக் கொடுக்க ஸ்டோர்மேன், எழுதக் கிளார்க், குறை சொல்ல ஓர் அதிகாரி. காலையில் வண்டி எடுக்குமுன் ஃபர்ஸ்ட் பரேடு: ஆயில், தண்ணீர், காற்று, பெல்ட்டு பார்க்க வேண்டும். மாலையில் நிறுத்திய பிறகு லாஸ்ட் பரேடு. ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் கார் டைரியில் ஏற வேண்டும். இந்த ஏற்பாட்டிலிருந்து லாரியை மட்டும் தனியாகக் கழற்றி இண்டூருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? லாரி மாறாது. வீடுதான் பட்டாளமாக மாறும்.

பதவிகள் தாமாகவே நிரம்பிவிடும். கிளார்க் வேலை மனைவிக்கு; பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் டீசல் கணக்கு ஏறும். கணக்கில் வராத செலவு எப்படி நடந்தது என்று விசாரணை மன்றம் கூடுவதும் அந்த நோட்டை வைத்துத்தான். ஸ்டோர்மேன் பையன், எந்த ஸ்பேனரைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லும் தகுதி அவனுக்கு இயற்கையாக இருக்கிறது. ஆய்வு அதிகாரியை நியமிக்கவே வேண்டாம். தெருவில் போகிற யாரும் நின்று, டயரை ஒரு உதை உதைத்து, “இது ஓடுமா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இந்தப் பட்டாளத்தில் மிகவும் திறமையான பழுதறிவாளர் யார் என்றால், விடிகாலையில் கோலம் போடும் அம்மா. பழைய லாரி எதுவும் ஆயில் சொட்டாமல் நிற்காது. சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்பதில்தான் நோய் இருக்கிறது. முன் சக்கரங்களுக்கு நடுவே கறுத்த சொட்டு என்றால் எஞ்சின் ஆயில், சம்பு பேக்கிங் போயிருக்கும். வண்டியின் வயிற்றுக்குக் கீழே கெட்டியாக, காட்டமான வாடையோடு கிடந்தால் கியர் ஆயில். கியர் பாக்ஸோ, முன்சக்கரத்துக்கு இழுவையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டியோ கசிகிறது. பின்னால் நடுவில் விழுந்தால் கிரவுன் ஹவுசிங்கின் ஆயில் சீல். பின்சக்கரத்தின் உள்பக்கமாக வழிந்திருந்தால் விளையாட்டில்லை, ஆயில் பிரேக் லைனரில் ஏறியிருக்கும். மெக்கானிக் கீழே பாய் விரித்துப் படுத்துக் கண்டுபிடிக்கும் இவ்வளவையும், சாணித் தண்ணீர் வாளியோடு வருகிறவர் நின்ற நிலையிலேயே சொல்லிவிடுவார். “டேய், நேத்து முன்னால சொட்டிச்சு, இன்னிக்கு நடுவுல சொட்டியிருக்குடா.” இதைவிடத் தெளிவான அறிக்கையை எந்தப் பணிமனையும் தந்ததில்லை. கோலத்தின் புள்ளி வரிசையை லாரிக்காகத் தள்ளிவைக்கும் வீடுகளில் கசிவைக் குறித்துக்கொள்ள அளவுகோலும் தயாராகக் கிடைக்கிறது.

அடுத்து, உறக்கம் கலைத்தல். மாதக்கணக்கில் நின்ற டீசல் வண்டி செல்ஃப் அடித்தால் எழுந்துவிடாது. டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் குழாயில் எங்கோ காற்று புகுந்திருக்கும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. சிலிண்டரில் காற்று அமுங்கிச் சூடேறுவதில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. குழாயில் காற்றுக்குமிழி இருந்தால், பம்ப் அந்தக் குமிழியை அமுக்கிக்கொண்டே இருக்கும். நாசிலுக்கு டீசல் போகாது. ஃபில்டர் தலையில் இருக்கும் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அடிக்க வேண்டும். முதலில் புஸ் என்ற சத்தம், பிறகு சோப்பு நுரை மாதிரி வெளுத்த டீசல், அப்புறம் குமிழி குறைந்து தெளிந்த தாரை. தெளிந்த கணத்தில், கைப்பம்பை விடாமல், போல்ட்டை இறுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவரே செய்ய முயன்றால் டீசல் சட்டைக்குப் போகும், காற்று குழாய்க்குத் திரும்பும். கணவன் மனைவி ஒற்றுமையைச் சோதிக்கும் சடங்குகளில் இதையும் சேர்க்கலாம் என்பது இவ்வாய்வின் பரிந்துரை.

பேட்டரி விஷயம் சிறியது, சச்சரவு பெரியது. இந்த வகை லாரிகளில் 24 வோல்ட். இரண்டு பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள். வீட்டு இன்வெர்ட்டருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பன்னிரண்டு. கரண்ட் போன ராத்திரி லாரியின் பேட்டரிகளில் ஒன்று எங்கே போயிருக்கும் என்பதை ஆராய்ந்து அறிய வேண்டியதில்லை.

துணைக்கருவிகளின் கதி தனி அத்தியாயத்துக்குரியது. ராணுவத் தார்ப்பாய் கனமானது, நனையாது. கேழ்வரகும் புளியும் காயும் பருவத்தில் அது லாரியின் மேல் இருக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. 20 லிட்டர் ஜெர்ரி கேன், இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெர்மானியர் செய்த வடிவம். மேலே மூன்று கைப்பிடி வைத்திருப்பார்கள். ஒருவர் தனியாகத் தூக்கலாம், இருவர் பங்கிட்டுத் தூக்கலாம், காலியானதை ஒரே கையில் இரண்டு பிடிக்கலாம். பைப்பில் தண்ணீர் வரும் நாளில் அந்த மூன்றாவது பிடியின் அருமை இண்டூருக்கு விளங்கும். டிரைவர் சீட் கோழிக்குப் போகும். அடை உட்கார்ந்த கோழியை எழுப்பக்கூடாது என்பதால் இருபத்தொரு நாள் ஃபர்ஸ்ட் பரேடு ஒத்திவைக்கப்படும். புளிய இலை மட்டும் உண்மையான பகை. பொடி இலை கேபின் கூரையின் நீர்க்காலில் அடைத்து, ஈரத்தைப் பிடித்து வைத்து, தகரத்தை உள்ளிருந்து தின்னும். துரு வெளியே தெரியும்போது விரல் உள்ளே போகும்.

வெளிநாட்டு அறிஞர்களின் கருத்தையும் எடுத்துக்காட்டாவிட்டால் ஆய்வு முழுமை பெறாது. இரண்டாம் உலகப் போரில் வெற்றி தந்த சாதனங்கள் என்று அமெரிக்கத் தளபதி ஐசனோவர் சொன்னவற்றில் இரண்டரை டன் லாரியும் ஜீப்பும் உண்டு. இரண்டும் சண்டைக்கென்று செய்தவை அல்ல. அந்த வகை லாரியில் ஜி.எம்.சி. நிறுவனம் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தது. அவற்றை ஓட்டிய பிள்ளைகள் கிரீஸ் அடிக்கவில்லை, ஆயில் பார்க்கவில்லை. உத்தரவு போட்டுப் பார்த்தார்கள், கையேடு அச்சிட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடைசியில் அமெரிக்க ராணுவம் சித்திரக்கதைக்குத் திரும்பியது. புகழ்பெற்ற சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர், வண்டியைக் கெடுத்துவைக்கும் ஒரு மடையனைப் பாத்திரமாக்கிப் போர்க்காலத்தில் வரைந்தார். 1951 முதல் இருபது ஆண்டு பி.எஸ். என்ற ராணுவப் பராமரிப்பு மாத இதழின் படங்களைக் கவனித்துக்கொண்டார். இண்டூரில் இதற்கு இதழ் தேவைப்படவில்லை. டீக்கடைப் பெஞ்சில் அந்தப் பாத்திரத்தின் இடத்தில் லாரிக்காரரையே வைத்துத் தினம் ஓர் அத்தியாயம் ஓடும்.

உதிரிபாகம் கிடைக்காதே என்று சிலர் மறுக்கலாம். அவர்கள் மேற்கே பென்னாகரம் பக்கமாகப் பார்க்கிறார்கள். தெற்கே பார்க்க வேண்டும். தொப்பூர் கணவாய் இறங்கினால் சேலம். அதைத் தாண்டினால் லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல். இந்தியா முழுக்கப் போர்வெல் வண்டி அனுப்பும் திருச்செங்கோடு. கமான் பட்டை முறிந்தால் அடித்துக் கொடுக்க ஆள் உண்டு. கியர் பல் போனால் லேத்தில் வைத்துக் கடைந்து தர ஆள் உண்டு. ஜெர்மன் எஞ்சின் முடியவே முடியாது என்று கைவிரித்தால், லேலண்ட் எஞ்சினைத் தூக்கி வைத்து, மவுண்டிங்கை வெட்டி ஒட்டி, சாயங்காலம் வண்டியை வீட்டுக்கு ஓட்டிப்போகச் சொல்லும் தைரியசாலிகளும் உண்டு. அந்தக் கணத்தில் தொண்டைமான் பள்ளியில் சேர்ந்த உரிமையாளர் அதியமான் பள்ளிக்கு மாறிவிடுகிறார். பெரும்பாலும் திரும்புவதில்லை.

இது ஏதோ வேலையற்றவர்களின் பித்து என்று தள்ளிவிடவும் முடியாது. தமிழ்நாடே ‘தல’ என்று கொண்டாடும் மகேந்திர சிங் தோனி 2019இல் ராஞ்சியில் ஒரு பழைய நிஸ்ஸான் ஜோங்காவைப் புதுப்பித்து ஓட்டிவந்தார். கார் மோகம் உள்ளவர், பிராந்திய ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் வேறு. உலகக் கோப்பை வாங்கிய கைக்கும் ஜபல்பூர்க் கியரைப் போட ஆசை வருகிறது என்றால், இண்டூர்க்காரரை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? தோனிக்கு வாசல் பெரியது, வித்தியாசம் அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்கும் நாள் வரும்போது இந்தத் துறையின் பெரிய முரண்பாடு எழுந்து நிற்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121: பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமான வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது. நாள் முழுக்கப் போல்ட்டின் பூர்வீகம் தேடியவர், ராணுவ லாரியை அச்சு அசலாக மீட்டுவிட்டு, ராணுவத்தின் நிறத்தை மட்டும் பூசக்கூடாது. நம்பர் பலகையின் மேல்நோக்கிய அம்புக்குறியும் போய்விடும். அது பாதுகாப்பு அமைச்சகப் பதிவுக்குரியது. மிஞ்சுவது ஒன்று உண்டு. ராத்திரி ராணுவ லாரி வரிசைக்குப் பின்னால் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: பின் ஹவுசிங்கில் வெள்ளையாக ஒரு வட்டம், அதன்மேல் விழும்படி ஒரு குட்டி விளக்கு. எதிரி விமானத்துக்குத் தெரியாமல், பின்னால் வரும் டிரைவருக்கு மட்டும் முன்வண்டி தெரிவதற்கான ஏற்பாடு. அந்த வட்டத்துக்கு வெள்ளையடிப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. இண்டூர் சக்திமான் மேலே நாமக்கல் பாணியில் ரோஜாப்பூவும் பருந்தும் தீட்டிக்கொண்டு, கீழே மட்டும் பழைய உத்தியோகத்தை நினைவில் வைத்திருக்கும்.

பழம்பெரும் வாகனம் என்று பதிந்து சலுகை வாங்கலாமே என்ற யோசனையும் செல்லாது. 2021இல் வந்த அந்த விதி ஐம்பது வயது தாண்டிய இரு சக்கர வண்டிகளுக்கும், சொந்த உபயோகத்துக்கான நாலு சக்கர வண்டிகளுக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அதிலும் அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது, உருவத்தைப் பெரிதாக மாற்றியிருக்கக்கூடாது. சரக்கு லாரிக்கு அங்கே நாற்காலி போடவில்லை. லேலண்ட் எஞ்சின் வைத்த சக்திமான் அந்த வாசல்படியையே மிதிக்க முடியாது.

ஆகவே சாதாரணப் பதிவுதான் வழி. பதிவு விண்ணப்பமான படிவம் 20இல் வண்டியின் பிறப்புக்கு மூன்று வகை கொடுத்திருக்கிறார்கள்: புதியது, முன்னாள் ராணுவ வண்டி, இறக்குமதியானது. சேசிஸ் நம்பரை மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். பல முறை பெயிண்ட் அடித்த சட்டத்தில் அந்த எண்ணைத் தேடிச் சுரண்டுகிறவர், தருமபுரி மாவட்டத்து வயல்களில் நடுகல் எழுத்தைப் படியெடுக்கும் ஆய்வாளரைப் போலத்தான் முட்டிபோட்டு உட்கார்ந்திருப்பார். எஞ்சின் மாறினால் அதையும் பதிவுச் சான்றிதழில் ஏற்ற வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டும் வாங்குவேன் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராணுவம் கழித்த வண்டிகள் அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் மின் ஏலத்தில் வருகின்றன. ஏலம் எடுத்த வண்டிக்குப் பாதுகாப்புத் துறை அதிகாரி கையெழுத்திட்ட விற்பனைச் சான்று, அதாவது படிவம் 21, அசல் கையில் வேண்டும். இடையில் இரண்டு கை மாறி வரும் லாரிகளில் இந்தக் காகிதம்தான் முதலில் தொலையும். அது இல்லையென்றால் தருமபுரியின் டி.என். 29 நம்பர் கிடைக்காது. வண்டி வாசலை விட்டு ரோட்டுக்கு வர முடியாது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்குமுன் படிவம் 21ஐக் கேளுங்கள். காட்டாவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.